அருளப்பரும் யோவானும் ஒருவரே



தோட்டத்திலிருந்து பினாங்குக்கு வருகிறவர்கள் பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறி, அக்கரையில் இறங்கி, கோட்டைப் பக்கமாகச் சற்றே நடந்தால் பார்குவார் தெரு வந்துவிடும். அங்கே வெள்ளைத் தூண்களோடு ஓர் ஆலயம் நிற்கிறது. அது புனித ஜார்ஜ் ஆலயம். 1818-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட ஆங்கிலிக்கன் தேவாலயம். அதே தெருவில் சற்றுத் தள்ளி இரட்டைக் கோபுரங்களோடு இன்னோர் ஆலயம் இருக்கிறது. அது விண்ணேற்பு அன்னை ஆலயம். 1786-இல் கெடாவிலிருந்து வந்து குடியேறிய யுரேசியக் கத்தோலிக்கர்களிடமிருந்து தொடங்கிய சபை அது. இரண்டுக்கும் இடையில் பழைய பினாங் ஃப்ரீ ஸ்கூல் கட்டடம் நிற்கிறது. பின்னாளில் அது அரும்பொருளகம் ஆயிற்று.

ஓர் ஆலயத்திலிருந்து மற்றோர் ஆலயத்திற்குச் சில நிமிட நடைதான். ஆனால் ஒன்றில் ஞானஸ்நானம் பெற்று, திருமணம் செய்து, முதுமையும் அடைந்த ஒருவர், மற்றொன்றின் வாசற்படியை ஒருமுறைகூட மிதிக்காமலே வாழ்நாளைக் கழித்துவிட முடியும். நம்மில் பலர் அப்படித்தான் கழித்திருக்கிறோம். யாரும் நம்மைத் தடுக்கவில்லை. நாமே போகவில்லை. "அது அவங்க கோயில், இது நம்ம கோயில்" என்று சொல்லிக்கொண்டோம்.

இது பட்டணத்தின் கதை. தோட்டத்தில் தெருக்கூடக் கிடையாது. ஒரே லயம், ஒரே குழாயடி, ஒரே பிரட்டுக் களம். அங்கே இந்தப் பிரிவு எப்படி இருந்தது என்பதற்கு நாங்கள் கண்ணால் கண்ட ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம்.

பால்மரம் வெட்டிய காலம். செபராங் பிறையில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். வயதான ஓர் அம்மா ஒருநாள் இரவில் காலமானார். அவர் கடற்கரை ஊரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த ஆங்கிலிக்கன் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். கடைசிக் காலத்தில் இளைய மகன் வீட்டில் இருந்ததால், அவனோடு ஒரு பெந்தெகொஸ்தே ஜெப வீட்டுக்குப் போய்வந்தவர். மூத்த மகள் தாயின் வழியிலேயே பூசைக்குப் போகிறவள். நடு மகன் தகப்பனின் சபையில் இருந்தான். மூன்று பிள்ளைகள், மூன்று சபைகள், ஒரு சவப்பெட்டி.

காலையில் பேச்சு தொடங்கிற்று. "சாமியார் வராம எங்கம்மாவ எடுக்க விடமாட்டேன்" என்றாள் மகள். "எங்கப்பா பக்கத்துல எங்க ஐயர்தான் அடக்கம் பண்ணணும்" என்றான் நடு மகன். "அம்மா ரட்சிக்கப்பட்டது எங்க சபையில. பாஸ்டரைத் தவிர யாரும் கையைத் தூக்கி ஜெபிக்கக் கூடாது" என்றான் இளையவன். உறவினர் மூன்றாகப் பிரிந்து நின்றார்கள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: நாங்களும் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டு பேசினோம். நியாயம் எங்கள் பக்கம் இருப்பதாகத்தான் அன்று எங்களுக்குத் தோன்றிற்று.

மாலை நான்கு மணியாயிற்று. பெட்டி வாசலிலேயே இருந்தது. குழி எப்போதோ தயாராகிவிட்டது. தோண்டியவர்கள் அண்டை வீட்டு இந்துச் சகோதரர்கள். வெட்டு முடிந்து வந்த கையோடு, சாப்பிடாமல்கூடப் போய்த் தோண்டியவர்கள். அவர்களில் ஒருவர், தோட்டத்தில் பழைய கங்காணியாக இருந்த பெரியவர், மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு முன்னே வந்தார். "தம்பிகளா, பெத்தவ ஒருத்தி. நீங்க கும்பிடற சாமியும் ஒண்ணுன்னு நீங்களேதான் சொல்றீங்க. அப்புறம் எதுக்கு இந்த அம்மா பொழுதெல்லாம் வெயில்ல கிடக்கணும்?" என்று கேட்டார்.

ஒருவருக்கும் பதில் வரவில்லை. தோட்டத்துக்குப் பழக்கமான ஒரு வயோதிக உபதேசியார் மட்டும் எழுந்து, "எல்லாருக்கும் தெரிஞ்ச ஜெபம் ஒண்ணு இருக்கு. இயேசுவே கத்துக்கொடுத்தது. அதைச் சொல்லிக்கிட்டே நடப்போம்" என்றார். அதைத் தொடங்கியபோதுதான் வேடிக்கை தெரிந்தது. ஜெபம் ஒன்று, சொற்கள் வெவ்வேறு. கத்தோலிக்கர் ஒரு விதமாகவும் மற்றவர்கள் வேறு விதமாகவும் சொன்னதில் குரல்கள் மோதிக்கொண்டன. ஆனாலும் நிறுத்தவில்லை. கடைசியில் 'ஆமென்' என்ற இடத்தில் மட்டும் எல்லாரும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். இருட்டுவதற்குள் அடக்கம் முடிந்தது.

அத்தோடு குடும்பம் ஒன்றாகிவிட்டது என்று சொல்லமாட்டோம். பிள்ளைகள் மூவரும் வெகுநாள் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அந்தப் பெரியவரின் கேள்வியை நாங்கள் மறக்கவில்லை. அதற்குப் பதில் தேடுவதுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஒன்று கேட்டுப் பார்ப்போம். நாம் ஏன் கத்தோலிக்கர்? ஏன் ஆங்கிலிக்கன், ஏன் லுத்தரன், ஏன் மெதடிஸ்ட்? நம் தாத்தா எல்லா உபதேசங்களையும் படித்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தாரா? பெரும்பாலும் இல்லை. அவர் எந்த ஊரில் பிறந்தாரோ அந்த ஊரில் எந்த மிஷன் இருந்ததோ, அதுவே அவர் சபையாயிற்று. முத்துக்குளித்துறைக் கடற்கரை ஊர்களில், 1542-இல் இந்தியா வந்த பிரான்சிஸ் சவேரியார் காலத்திலிருந்தே கத்தோலிக்கத் திருமறை வேரூன்றியது. தரங்கம்பாடியில் 1706-இல் சீகன்பால்கு வந்திறங்கினார். அங்கே லுத்தரன் சபை வளர்ந்தது. திருநெல்வேலியில் ஆங்கிலிக்கன் மிஷன்கள், நாகர்கோவில் வட்டாரத்தில் லண்டன் மிஷன், மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் அமெரிக்கன் மிஷன் என்று வேலை நடந்தது. ஒருவர் வட்டாரத்தில் மற்றவர் நுழைவதில்லை என்று புரொட்டஸ்டன்ட் மிஷன்கள் பெரும்பாலும் தமக்குள் ஓர் ஒழுங்கும் வைத்திருந்தன.

ஆகவே ஊரில் இருந்தவரை நம் முன்னோருக்கு மற்ற சபையார் யார் என்றே தெரியாது. கப்பலேறி மலாயாவுக்கு வந்த பிறகுதான் ஒரே லயத்தில் சுவருக்குச் சுவர் குடியிருந்தார்கள். ஒருவருடைய சிலுவைக் குறியை மற்றவர் முதன்முதலாகப் பார்த்தார். ஒருவருடைய ஜெபமாலையைப் பார்த்து மற்றவர் முகம் சுளித்தார். மூட்டை முடிச்சோடு பிரிவையும் நாம் கூடவே கொண்டுவந்தோம். அந்தப் பிரிவை உண்டாக்கியவர்கள் நாம் அல்ல. அது ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளுக்கு முன் நடந்த சச்சரவு. அதில் நம் முப்பாட்டன்மார் எவருக்கும் பங்கில்லை.

இதே எண்ணம் தமிழ்நாட்டில் சிலருக்கு 1919-லேயே தோன்றிற்று. அவ்வாண்டு மே மாதம், அதே தரங்கம்பாடியில் போதகர்கள் 33 பேர் கூடினார்கள். பெரும்பாலோர் இந்தியர். அவர்களில் முன்னின்றவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்தவர். 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக ஆனவர். நம்மைப் பலவீனப்படுத்தும் இந்தப் பிரிவுகள் நாம் ஏற்படுத்தியவை அல்ல, வெளியிலிருந்து நம்மேல் சுமத்தப்பட்டவை என்ற கருத்தைக் கொண்ட ஓர் அறிக்கையை அவர்கள் வெளியிட்டார்கள். ஒன்றுபடப் பேசுவோம் என்று அழைத்தார்கள்.

பேசினார்கள். எவ்வளவு காலம் என்று நினைக்கிறீர்கள்? ஓராண்டா, ஈராண்டா? இருபத்தெட்டு ஆண்டுகள்! பெரிய சிக்கல் பேராயரைப் பற்றியது. பேராயர் இல்லாமல் திருச்சபை இல்லை என்றனர் ஆங்கிலிக்கர். சபை மக்களே தங்கள் காரியத்தை நடத்திக்கொள்ள வேண்டும் என்ற மரபில் வந்தவர்கள் வேறு சிலர். பேராயர் கை வைக்காத ஒரு போதகரை மறுபடியும் குருப்பட்டம் பெறச் சொல்லலாமா? அப்படிச் சொன்னால், இத்தனை நாள் அவர் செய்த ஊழியம் பொய்யாகிவிடாதா? இந்த ஒரு கேள்வியிலேயே ஆண்டுகள் பல ஓடின.

முடிவில் கண்ட வழி எளியது. ஆனால் விட்டுக்கொடுத்தால் அல்லாமல் காண முடியாதது. ஒன்றுபட்ட திருச்சபைக்குப் பேராயர்கள் இருப்பார்கள். இனிமேல் பட்டம் பெறுகிறவர்கள் பேராயர் கையால் பெறுவார்கள். ஆனால் ஏற்கெனவே ஊழியம் செய்கிறவர்கள் அனைவரும், மறுபட்டம் இன்றியே, சரிநிகரான குருவானவர்களாக ஏற்கப்படுவார்கள். மனச்சாட்சிக்கு ஒவ்வாத ஒரு முறையை எந்தச் சபைமீதும் திணிக்கமாட்டோம் என்றும் வாக்குக் கொடுத்தார்கள். இவ்வாறு ஆங்கிலிக்கரும், மெதடிஸ்டாரும், பிரஸ்பிட்டேரியரும் காங்கிரிகேஷனலிஸ்டுகளும் முன்பே இணைந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையாரும் சேர்ந்து, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாக ஒன்றானார்கள். இந்தியா சுதந்திரம் பெற்று ஆறு வாரங்கள்தான் ஆகியிருந்தன.

அசரியா அந்நாளைக் காணவில்லை. 1945 ஜனவரி முதல் நாளிலேயே அவர் மறைந்துவிட்டார். நட்டவர் ஒருவர், நிழலில் அமர்ந்தவர்கள் வேறொருவர்.

எல்லாரும் வந்து சேர்ந்தார்களா என்றால், இல்லை. சில ஆங்கிலிக்கன் சபைகள் வெளியே நின்றன. தரங்கம்பாடியின் லுத்தரன் திருச்சபை தன் வழியிலேயே தனித்திருந்தது. ஆனால் தனித்திருந்தவர்கள் பகைத்திருக்கவில்லை. 1969-இல் தென்னிந்தியத் திருச்சபையாரும் லுத்தரன் சபையாரும் சேர்ந்து மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியை ஏற்படுத்தினார்கள். ஒரே பலகையில் அமர்ந்து படித்த மாணவர்கள் பிற்பாடு வெவ்வேறு சபைகளில் குருவானவர்கள் ஆனார்கள். வீடு ஒன்றாகாவிட்டாலும் கிணறு ஒன்றாகலாம் அல்லவா?

நம் நாட்டுக்கு வருவோம். ஜப்பான்காரன் காலத்தில் சிங்கப்பூர் சாங்கிச் சிறையில் மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன், பிரஸ்பிட்டேரியன் தலைவர்கள் சேர்ந்து அடைபட்டிருந்தார்கள். வெளியே தனித்தனி ஆலயங்களில் இருந்தவர்களை ஒரே சுவர் சேர்த்து வைத்தது. விடுதலையானால் குருவானவர்களைச் சேர்ந்தே பயிற்றுவிப்போம் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. 1948-இல் சிங்கப்பூரில் டிரினிட்டி இறையியல் கல்லூரி தொடங்கியது அதன் பயன். மலேசியாவில் ஆங்கிலிக்கன், லுத்தரன், மெதடிஸ்ட் சபைகள் கூடி 1979-இல் மலேசிய இறையியல் கல்லூரியை அமைத்தன. 1985-இல் மலேசியக் கிறிஸ்தவக் கூட்டமைப்பு உருவானபோது, திருச்சபைகள் மன்றத்தாரும், கத்தோலிக்க ஆயர்களும், சுவிசேஷ சபைகளின் ஐக்கியமும் ஒரே மேசையில் அமர்ந்தனர்.

கத்தோலிக்கத் திருச்சபையும் கதவை மூடி வைத்திருக்கவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 நவம்பரில், கிறிஸ்தவ ஒன்றிப்பைப் பற்றித் தனியே ஓர் ஏட்டை வெளியிட்டு, மற்றச் சபையாரைப் பிரிந்து வாழும் சகோதரர்கள் என்றே கருதிற்று. ஐரோப்பாவைப் பிளந்த சச்சரவின் நடுவில் இருந்தது, மனிதன் கடவுள்முன் நீதிமானாவது எப்படி என்ற கேள்வி. அதைப் பற்றி 1999 அக்டோபர் 31-இல் கத்தோலிக்கரும் லுத்தரன் உலகச் சம்மேளனத்தாரும் ஒரு பொது அறிக்கையில் கையொப்பமிட்டனர். 2006-இல் உலக மெதடிஸ்ட் மன்றமும் அதில் சேர்ந்துகொண்டது. தலைவர்கள் இவ்வளவு தூரம் நடந்துவிட்டார்கள். லயத்து வாசலில் நாம் மட்டும் பெட்டியை வைத்துக்கொண்டு சண்டையிடலாமா?

நமக்கே உரிய இன்னொரு தடை உண்டு. அது தமிழ். ஆம், நம் தாய்மொழிதான்! கத்தோலிக்கர் வீட்டில் பிள்ளைக்கு அருளப்பன் என்று பெயர். பக்கத்து வீட்டில் யோவான். ஒரு வீட்டில் சின்னப்பன். மறு வீட்டில் பவுல். இங்கே இராயப்பன், அங்கே பேதுரு. இங்கே சூசை, அங்கே யோசேப்பு. பலருக்கு இவை வேறு வேறு ஆட்கள் என்றே எண்ணம். உண்மையில் அருளப்பரும் யோவானும் ஒருவரே, சின்னப்பரும் பவுலும் ஒருவரே. ஒரே அப்போஸ்தலரின் பெயரைச் சுமந்துகொண்டு, இரு பையன்கள் "நீ வேறே, நான் வேறே" என்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருக்கிறார்கள். பழைய நூல்களில் ஒருவர் சேசுநாதர் என்றார், மற்றவர் இயேசு என்றார். ஒருவர் நற்கருணை என்றார், மற்றவர் இராப்போஜனம் என்றார். பெயர் மாறியதும் பொருளும் மாறிவிட்டதாக நினைத்துக்கொண்டோம்.

இதைச் சரிசெய்யத் தமிழ்நாட்டில் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் பல ஆண்டுகள் சேர்ந்து உழைத்து, 1995-இல் 'திருவிவிலியம்' என்ற பொது மொழிபெயர்ப்பை வெளியிட்டனர். அதில் அருளப்பர் யோவான் ஆனார், சின்னப்பர் பவுல் ஆனார். கத்தோலிக்கர் தங்கள் பாட்டன் காலத்துப் பெயர்களை விட்டுக்கொடுத்தார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். மற்றச் சபையாரில் பலர் இன்றும் பழைய மொழிபெயர்ப்பையே வாசிக்கிறார்கள். வாசிக்கட்டும், பழகிய சொல் நெஞ்சுக்கு இனியது. ஆனால் மற்றவர் வீட்டுப் புத்தகத்தையும் ஒருமுறை திறந்து பார்ப்பதில் குற்றமில்லை.

சிலர் கேட்பார்கள்: "அப்படியானால் வித்தியாசமே இல்லையா? எல்லாம் ஒன்றுதானா?" இல்லை, நேயர்களே. வித்தியாசம் உண்டு. மரியன்னையைப் பற்றி, போப்பாண்டவரின் அதிகாரத்தைப் பற்றி, குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்பதைப் பற்றி, அந்நிய பாஷை பேசுவதைப் பற்றி, உண்மையான கருத்து வேற்றுமைகள் இருக்கின்றன. அவற்றை மூடி மறைப்பது ஒற்றுமை ஆகாது. பெந்தெகொஸ்தே சகோதரர் தம் மனச்சாட்சிப்படி நிற்கிறார். கத்தோலிக்கச் சகோதரியும் அப்படியே. இருவரும் தத்தம் நம்பிக்கையை விடாமலே ஒருவர் வீட்டுத் துக்கத்தில் மற்றவர் பங்குகொள்ள முடியும். யோவான் நற்செய்தி பதினேழாம் அதிகாரத்தில், தம்மவர் ஒன்றாயிருக்க வேண்டும் என்று இயேசு பிதாவிடம் மன்றாடுகிறார். பாடுபடுவதற்கு முந்தின இரவில் அவர் கேட்டது அது. சாகப்போகிற தகப்பன் கேட்டதைப் பிள்ளைகள் தள்ளலாமா?

ஆகவே நம் வீட்டளவில் செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, சாவைப் பற்றி உயிரோடிருக்கும்போதே பேசிவிடுங்கள். வயதான பெற்றோர் தம் அடக்கம் எந்த முறையில் நடக்கவேண்டும் என்று பிள்ளைகள் எல்லாரும் கேட்கச் சொல்லி, ஒரு தாளிலும் எழுதி வைத்தால், அந்த அம்மாவுக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேராது. முறை எதுவானாலும், மற்றப் பிள்ளைகளின் சபையாரும் ஒரு ஜெபமோ ஒரு பாட்டோ சேர்த்துக்கொள்ள இடம் கேளுங்கள். முன்கூட்டிக் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

இரண்டாவது, கல்யாணம். சபை மாறிப் பெண் எடுப்பதும் கொடுப்பதும் இன்று சாதாரணமாகிவிட்டது. கத்தோலிக்கர் பிற சபையாரை மணக்க முன் அனுமதி பெறும் ஒழுங்கு உண்டு. மண்டபம் பேசுவதற்கு முன்னால் இரண்டு பக்கத்துக் குருவானவர்களையும் போய்ப் பாருங்கள். வந்த மருமகளின் ஜெபமாலையையோ, அவள் கைதட்டிப் பாடுவதையோ கேலி செய்யாதீர்கள். பேரப்பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, ஆண்டுதோறும் ஜனவரி 18 முதல் 25 வரை பல நாடுகளில் கிறிஸ்தவ ஒன்றிப்பு ஜெப வாரமாகக் கொண்டாடுகிறார்கள். அந்த வாரத்தில் ஒரு மாலையாவது மற்றவர் ஆலயத்துக்குப் போய் உட்கார்ந்து வாருங்கள். நற்கருணை வாங்குவதில் அவரவர் சபைக்கு அவரவர் ஒழுங்கு உண்டு. அதை மதியுங்கள், அதற்காகக் கோபிக்காதீர்கள். சேர்ந்து ஜெபிக்கத் தடையில்லை.

நான்காவது, சேர்ந்து வேலை செய்யுங்கள். பிள்ளைகளுக்கு மாலைநேர டியூஷன், நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு வண்டி, தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிபோன குடும்பத்துக்கு ஒத்தாசை, இவற்றுக்குக் கத்தோலிக்க முறை, மெதடிஸ்ட் முறை என்று ஒன்றும் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. கிறிஸ்தவர் ஒன்றுபடுவது மற்றச் சமயத்தாருக்கு எதிராகக் கூட்டம் சேர்ப்பதற்காக அல்ல. ஜூலை மாதம் புக்கிட் மெர்த்தாஜாம் அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்குப் போய்ப் பாருங்கள். எத்தனையோ இந்துக் குடும்பங்கள், எத்தனையோ சீனக் குடும்பங்கள் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றுவதைக் காணலாம். அன்று குழி தோண்டியவர்களும் நமக்குப் புத்தி சொன்னவரும் நம் சபையார் அல்லர் என்பதை மறந்துவிடக் கூடாது.

அந்தத் தோட்டம் இன்று இல்லை. மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனையாகி, பிறகு வீடமைப்பும் வந்துவிட்டது. சில ஆண்டுகளுக்குப் பின் அந்த அம்மாவின் பிள்ளைகளை நாங்கள் மறுபடி சந்தித்தோம். கல்லறைத் திருநாளன்று மகள் மெழுகுவர்த்தி வைத்திருந்தாள். நடு மகன் புல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தான். இளையவன் அந்த முறையில் நம்பிக்கை இல்லாதவன். ஆனாலும் தண்ணீர்க் குடத்தோடு வந்து கல்லைக் கழுவினான். பேச்சு அதிகம் இல்லை. மூவரும் ஒரே கல்லைத்தான் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள்.

தரங்கம்பாடியில் தொடங்கிச் சென்னைக்கு வந்துசேர இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின. நமக்கும் ஆகட்டும். ஆனால் இன்றைக்கே தொடங்குவோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டு அருளப்பனையோ யோவானையோ கண்டால் நின்று நலம் விசாரிப்போம்.